கற்பனை நாட்டு மக்களுக்கு முடி வழக்கம் அமைப்பது எப்படி: மிகுபுனைவு எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மிகுபுனைவு நாவல் எழுத உட்காருகிறவர்கள் தாங்கள் படைக்கும் நாட்டுக்கு ஆறு, மலை, ஆயுதம், தெய்வம், அரச வம்சம் எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகு, "இந்தக் குடியினர் தலைமுடியை வெட்டுவதில்லை" என்றோ "போரில் தோற்றவன் தன் சடையை அறுத்துக்கொள்வான்" என்றோ ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். மூன்றாம் அத்தியாயத்தில் மொட்டையடிக்கப்பட்ட இளவரசி அடுத்த பருவத்தில் நடக்கும் திருமணத்தில் பின்னலோடு வருகிறாள்; முழங்கால் வரை முடி வளர்த்த படைவீரர்களுக்கு யார் தலை வாரிவிடுகிறார்கள் என்பதற்குப் பதிலே இல்லை; வழுக்கை விழுந்தவர் ஒருவர்கூட அந்த நாட்டில் பிறக்கவில்லை.

உப்பளக் கரையில் வாழும் ஒரு கற்பனைக் குடியை வைத்து நெடுங்கதை எழுதியபோது இந்தச் சிக்குகளை நான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. எந்த வரிசையில் எடுத்தால் சீக்கிரம் முடியும் என்பது வேலை பாதிக்கு மேல் போன பிறகுதான் பிடிபட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக அந்த வரிசையை இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டுக்கு என் குடியையே வைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு அளத்தார் என்று பெயர்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு அளவு நாடா, கைக்கடிகாரம், சீப்பு, வண்ண நூல், கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும் ஒரு சவுரி. செலவு என்று சொன்னால் சவுரிக்கு மட்டும்தான். நைலான் சவுரி மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதில் முடிச்சு நிற்காமல் வழுக்கும், உண்மையான முடி எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் தெரியாது. நேரத்தைப் பொறுத்தவரை, கதையின் முதல் வரைவுக்கு முன்பே சில வாரக் கடைசிகளை இதற்கென ஒதுக்கிவிட்டால், பின்னால் வரைவு முழுவதையும் புரட்டித் திருத்தும் வேலை மிச்சமாகும்.

1. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

தெய்வத்திலிருந்தோ அழகிலிருந்தோ தொடங்க வேண்டாம். உங்கள் மக்களுக்குத் தலைக்குக் குளிக்க எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் என்பதை முதலில் எழுதுங்கள். நமீபியாவின் வறண்ட வடமேற்கில் வாழும் ஹிம்பா பெண்கள் வெண்ணெய்க் கொழுப்பில் செங்காவிப் பொடியைக் குழைத்து உடலிலும் சடையிலும் பூசிக்கொள்கிறார்கள். நீராடுவதற்குப் பதிலாக நறும்புகை பிடித்துக்கொள்கிறார்கள். பூப்படையாத சிறுமிக்கு முகத்தின் பக்கம் விழும் சடை, மணமான பெண்ணுக்குத் தலையில் தோலாலான அணி என்று பருவத்துக்குப் பருவம் அவர்கள் தலை மாறுகிறது. அந்த அலங்காரத்தை மட்டும் பெயர்த்து ஓர் ஆற்றங்கரை நாட்டில் வைத்தால் அது ஒட்டாது.

தண்ணீருக்கு அடுத்து பேன், காற்று, அன்றாட வேலை ஆகிய மூன்றையும் கேளுங்கள். பழைய எகிப்தில் பூசாரிகள் உடல் முழுவதும் மழித்துக்கொண்டார்கள், வசதி படைத்தவர்கள் பொய்முடி அணிந்தார்கள். வெப்பமும் பேனும் உள்ள ஊரில் மழித்த தலை தூய்மையின் அடையாளமாவதற்கு யாரும் தனியாகக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை.

அளத்தாருக்கு நல்ல தண்ணீர் உள்நாட்டிலிருந்து மாட்டு வண்டியில் வர வேண்டும். ஆண்டில் ஒன்பது மாதம் வெயில், காற்றில் எப்போதும் உப்பு. ஆகவே அவர்கள் புன்னை எண்ணெய் தடவித் தலையை இறுகப் பின்னிக்கொண்டு, முதல் மழை விழும் நாளில்தான் சடையை அவிழ்க்கிறார்கள். இந்த ஒரு முடிவு எடுத்ததும் மற்றவை தாமாகவே வந்தன. மழைக்காலத்தில் உப்பு விளையாது என்பது தூத்துக்குடிப் பக்கத்து அளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அங்கே பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். ஆக, ஊர் முழுவதும் கைவேலையை விட்டுவிட்டு ஒருவர் தலையை ஒருவர் அவிழ்த்துக்கொண்டு உட்காரும் நாள்கள் அளத்தாருக்குத் திருவிழாவாக அமைந்தன. இந்தத் திருவிழாவை நான் முதலில் யோசித்திருந்தால் அதற்கு ஒரு தேவியைத் தேடியிருப்பேன்; தண்ணீரிலிருந்து வந்ததால் தேவி தேவைப்படவில்லை.

2. வளர்ச்சிக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள்

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மொட்டையடித்த தலையில் மூன்று மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் கூட இராது. ஓராண்டு ஆனாலும் பக்கவாட்டு முடி தாடையைத் தொட்டால் அதிகம். இடுப்பு வரை வர வேண்டுமென்றால் ஐந்து ஆண்டுகளாவது வேண்டும். மாயம், மருந்து, தெய்வ வரம் என்று எதையாவது வைத்து இந்த வேகத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் அதை முதல் அத்தியாயத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்ததைப் பலரும் மறக்கிறார்கள். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, பின் உதிர்ந்து, அதே துளையிலிருந்து புதிது முளைக்கிறது. இந்த வளரும் காலம் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் என்பதால், எவ்வளவு ஆசைப்பட்டாலும் பலருக்கு முடி ஓர் அளவுக்கு மேல் நீளாது. "மணமாகும் முன் பெண்ணின் கூந்தல் முழங்காலைத் தொட வேண்டும்" என்று நீங்கள் ஒரு விதி எழுதினால், உங்கள் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அதை நிறைவேற்ற முடியாது. விதியை நீக்க வேண்டாம். அது உருவாக்கும் சவுரி வியாபாரத்தை எழுதுங்கள்.

நாள் ஒன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. தினமும் வாரும் தலையில் அது சீப்போடு போய்விடும். பல மாதம் அவிழ்க்காத சடையில் உதிர்ந்த முடி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சிக்குப் பிடிக்கும். அளத்தார் மழைக்குச் சடையை அவிழ்க்கும்போது ஒவ்வொரு தலையிலிருந்தும் ஒரு கைப்பிடி உதிர்ந்த முடி வரும். அதை என்ன செய்வார்கள் என்ற கேள்வியை நீங்கள் எதிர்கொண்டே ஆக வேண்டும். எரிப்பார்களா, புதைப்பார்களா, விற்பார்களா என்பதில் அவர்களுடைய மதத்தில் பாதி அடங்கிவிடும்.

இங்கேதான் எனக்கு அந்தக் கதையின் மையமே கிடைத்தது. அளத்தாரிடம் எழுத்து கிடையாது. கடன் கொடுக்கும்போது, வாங்குபவரின் வலது காதுக்குப் பின்னால் அவிழ்க்கக் கூடாத ஒரு சிறு சடையில், தோலை ஒட்டி வண்ண நூலால் முடிச்சிடுகிறார்கள். முடி வளர வளர முடிச்சு கீழே இறங்கும். மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு விரற்கடை. தோலிலிருந்து முடிச்சு வரை விரல் வைத்து அளந்தால் கடனின் வயது தெரிந்துவிடும். வட்டியும் அதைக் கொண்டே. ஆனால் எல்லோருக்கும் முடி ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வேகமாக முடி வளர்பவன் அதே கடனுக்கு அதிக வட்டி கட்டுகிறான். ஒரு முழு நாவலுக்குப் போதுமான அநியாயம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதை எந்தப் புராணத்திலும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கவனிக்க: இப்படி ஏதாவது கருவி யோசித்தால், சவுரியில் செய்து பாருங்கள். சடையைச் சுற்றி வெளியே கட்டிய நூல் இரண்டு முறை இழுத்தால் கழன்று வரும். பின்னத் தொடங்கும்போதே மூன்று புரிகளில் ஒன்றோடு நூலைச் சேர்த்துப் பிடித்து, நான்கைந்து பின்னல் கடந்த பிறகு குறுக்கே எடுத்து முடிந்தால்தான் நகராது. அப்படி முடிந்ததை அவிழ்க்க ஊசிமுனையும் பொறுமையும் வேண்டும். முடிச்சை யாரும் அறியாமல் தள்ளிவைக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தச் சோதனையிலேயே பதில் கிடைத்துவிட்டது: முடியும், ஆனால் முடி கசங்கி வளைந்து காட்டிக் கொடுக்கும்.

3. யாருடைய கை தலையில் படுகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

தலைமுடி வழக்கம் என்றால் நமக்குக் கண்ணில் படுவது தலை. அந்தத் தலைக்குப் பின்னால் நிற்கும் ஆளை எழுத்தாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தன் பின்தலையைத் தானே பின்னிக்கொள்வது கடினம். எனவே சிக்கலான சடை என்பது, நேரம் உள்ள இன்னொருவர் வீட்டில் இருக்கிறார் என்பதற்கான அடையாளம்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். இடுப்பளவு கூந்தலைச் சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, ஒற்றைச் சடையாகப் பின்னி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதே தலையைச் சிறு சிறு சடைகளாகப் பின்ன ஒரு பகல் போய்விடும். உங்கள் அரண்மனையில் நாற்பது பெண்கள் அப்படிப் பின்னியிருந்தால் எத்தனை பணிப்பெண்கள் வேண்டும், அவர்கள் எப்போது தூங்குவார்கள், அந்தப் பணிப்பெண்களின் தலை எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் கதைக்குள் பதில் சொன்னாலே போதும், அரண்மனை உயிர்பெறும்.

அந்தக் கைக்கு என்ன மதிப்பு என்பதையும் முடிவு செய்ய வேண்டும். ஜப்பானியச் சுமோ மல்லர்களுக்குக் கொண்டை கட்டுவதற்கென்றே தனித் தொழிலர்கள் உண்டு. மல்லர்களைப் போலவே அவர்களுக்கும் படிநிலை உண்டு. மேல் இரண்டு பிரிவு மல்லர்களுக்கு மட்டுமே உரிய இலை வடிவக் கொண்டையைக் கட்ட வருவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். நம் ஊர்க் கதையோ வேறு. தமிழகக் கிராமத்தில் முடி திருத்தியவரே கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னின்று சடங்கு செய்தார், வைத்தியம் பார்த்தார், அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வந்தது. பிறந்தது முதல் எரியும் வரை ஒவ்வொரு தலையையும் தொட்ட அந்தக் கையை ஊர் தாழ்வாகவே வைத்திருந்தது. இன்றியமையாத வேலை, இழிவாக நடத்தப்பட்ட ஆள் என்ற இந்த முரணைத் தவிர்த்துவிட்டு நீங்கள் அமைக்கும் சமூகம் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் நடக்காது.

அளத்தாரில் கடன் முடிச்சை இரு தரப்புக்கும் உறவில்லாத ஒரு கிழவிதான் போட வேண்டும். கூலி, முடிச்சு ஒன்றுக்கு ஒரு மரக்கால் உப்பு. அவள் தலையை யாரும் பின்னுவதில்லை. அவள் மட்டும் ஒட்ட வெட்டியிருப்பாள், கடன் வாங்க முடியாதவள் என்பதற்காக.

4. செலவுக் கணக்கு

எண்ணெய், சாந்து, நூல், நகை, சவரக்கத்தி, கூலி என்று ஒரு தலைக்கு ஓராண்டில் ஆகும் செலவை உங்கள் நாட்டு நாணயத்தில் எழுதுங்கள். பிறகு ஒரு கூலியாளின் ஆண்டு வருமானத்தை அதன் அருகில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அந்த வழக்கம் பணக்காரர்களுடையது என்று பொருள்; ஏழைகள் அதன் மலிவான வடிவம் ஒன்றை வைத்திருப்பார்கள். நம் மணப்பெண்ணுக்குச் சடைநாகமும் ராக்கொடியும் பொன்னில் இருக்கும். இல்லாத வீட்டில் அதே இடங்களைப் பூச்சடை நிரப்பும். இந்த இரண்டாவது வடிவத்தைத் தவறாமல் எழுதுங்கள்.

முடி வழக்கத்தால் வரவும் உண்டு. ஆண்டிஸ் மலைப்பகுதியில் குழந்தையின் முதல் முடியிறக்கத்தில் வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு கற்றையை வெட்டிப் பணமோ கால்நடையோ பரிசாகத் தருவார்கள். அது குழந்தையின் முதல் சொத்து. நம்மிடம் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டையடிக்கும்போது அந்த மடிக்கு உரிய செலவு மாமனுக்குத் தெரியும். இத்தகைய சடங்கில் யார் கத்தியைப் பிடிக்கிறார், யார் பையை அவிழ்க்கிறார் என்ற இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய முடி எங்கே போகிறது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். திருமலையில் கல்யாணக்கட்டையில் பக்தர்கள் இலவசமாக முடியிறக்குகிறார்கள். அந்த முடியை நீளவாரியாகப் பிரித்துத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது பொய்முடியாகி உலகெங்கும் போகிறது. மணமான பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும் என்று கருதும் மரபுவழி யூதர்களில் பலர் அதற்கெனப் பொய்முடி அணிகிறார்கள். இந்திய முடி ஒரு கோயில் வழிபாட்டில் இறக்கப்பட்டது என்பதால் அதை அணியக் கூடாது என்று 2004இல் யூத மதகுருமார் தீர்ப்புச் சொன்னபோது, பொய்முடிகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஒரு மக்களின் காணிக்கை இன்னொரு மக்களின் விலக்காகிவிடும் இந்தப் பாதையை உங்கள் வரைபடத்தில் இரண்டு நாடுகளுக்கு இடையே போட்டுப் பாருங்கள், ஒரு வணிகக் கப்பலும் ஒரு சண்டையும் இலவசமாகக் கிடைக்கும்.

5. யார் சரிபார்ப்பார்கள், யார் தப்பிப்பார்கள்

வழக்கத்தைச் சட்டமாக்கினால் உடனே நான்கு கேள்விகள் எழும்: காலக்கெடு என்ன, தண்டனை என்ன, விலக்கு யாருக்கு, சான்று என்ன. சீனத்தை வென்ற மஞ்சூக்கள் 1645இல் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும் என்று ஆணையிட்டபோது பத்து நாள் கெடு கொடுத்தார்கள். மீறினால் தலை போகும். தாவோ துறவிகளுக்கு விலக்கு இருந்தது. பௌத்தத் துறவிகள் ஏற்கெனவே முழு மொட்டை. இரண்டு நூற்றாண்டுக்குப் பின் தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் முன்தலை முடியை வளரவிட்டதே அரசுக்கு எதிரான அறிவிப்பாயிற்று. உங்கள் கதையில் ஒற்றன் ஒருவன் கட்சி மாற நினைத்தால், முன்தலையில் முடி முளைக்கும் அந்த இடைப்பட்ட வாரங்களை எங்கே ஒளிந்து கழிப்பான் என்று யோசியுங்கள்.

சான்றுக்கு ரஷ்யாவைப் பாருங்கள். தாடி வைத்துக்கொள்ள வரி கட்டியவர்களுக்கு மகா பீட்டரின் அரசு 1705இல் ஒரு செப்பு வில்லை கொடுத்தது. பணம் வாங்கியாயிற்று என்று அதில் பொறித்திருந்தது. சிறு பொருள், பையில் வைக்கலாம், திருடலாம், போலி செய்யலாம், பிணத்தின் சட்டையில் கண்டெடுக்கலாம். கதைக்கு இதைவிட வசதியான ஆவணம் அமையாது.

தப்பும் வழியை மக்களே கண்டுபிடிப்பார்கள். ஸ்பானியர் ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786இல் ஆளுநர் ஒருவர் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தப் பெண்கள் விலையுயர்ந்த துணிகளால் தலைப்பாகையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். சட்டத்தை எழுதிய மறுநாளே அதை மீறாமல் மீறுகிற ஒருத்தியை எழுதிவிடுங்கள்.

கவனிக்க: வழக்கம் யாருடைய தலையில் விடிகிறது என்பதையும் மறைக்காதீர்கள். தமிழகப் பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்களின் தலையை மழித்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. அதை நடத்திய ஆண்களுக்கு மனைவி இறந்தால் அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. "எங்கள் நாட்டில் எல்லோரும் இதை விரும்பியே செய்கிறார்கள்" என்று எழுதும்போது, எல்லோரிலும் யார் யார் இல்லை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

6. நம்பிக்கைகளைக் கடைசியில் எழுதுங்கள்

தண்ணீர், வளர்ச்சி, கை, செலவு, சட்டம் ஐந்தும் தாளில் ஏறிய பிறகுதான் நம்பிக்கை எழுத வேண்டும். அப்போது நம்பிக்கைகளுக்குப் பிடிமானம் கிடைக்கும். விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது, உதிர்ந்த முடியைக் காற்றில் பறக்க விடாமல் சுருட்டிப் போட வேண்டும், மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் முடி வெட்டக் கூடாது, வெள்ளி செவ்வாயில் முடியிறக்கக் கூடாது என்று நம் வீடுகளில் கேட்டு வளர்ந்தவை எல்லாம் செய், செய்யாதே என்ற வடிவில்தான் இருக்கின்றன. காரணம் கேட்டால் பாட்டி ஒன்று சொல்வார், அத்தை வேறொன்று சொல்வார், அப்பா பேச்சை மாற்றுவார். இந்த ஒழுங்கின்மையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நம்பிக்கைக்கும் ஒரு தெய்வக் கதையை ஒட்டவைக்கும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம். வாழும் மக்கள் அப்படி விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

நம்பிக்கை வெளியுலகில் எங்கே தடம் பதித்திருக்கிறது என்பதைத் தேடுங்கள். செவ்வாயில் முடி வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் மூடிக் கிடக்கும் சலூன் கதவாக மாறியிருக்கிறது. நம்பாதவனும் புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் விளக்குவதைவிட அந்தப் பூட்டிய கதவு ஒன்றே அதிகம் சொல்லும்.

கருத்து வேற்றுமையும் வேண்டும். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஐயம் பாண்டியனுக்கு வந்து, பொற்கிழி வைத்து, தருமி பாட்டோடு வந்து, நக்கீரர் இறைவனிடமே குற்றம் காணும் அளவுக்குப் போன கதையை நாம் எல்லோரும் அறிவோம். முடியைப் பற்றிய ஒரு நம்பிக்கையை ஒருவர் மறுத்துப் பேசியதால்தான் அந்தக் கதையே பிறந்தது. உங்கள் நாட்டிலும் மறுப்பவர் ஒருவராவது இருக்கட்டும்.

அளத்தாரில் பொழுது சாய்ந்த பிறகு அடுத்தவர் தலையைத் தொடக் கூடாது. இருட்டில் கடன் முடிச்சைத் தள்ளிவைத்துவிடலாம் என்பதால் ஏற்பட்ட கட்டுப்பாடு இது. ஆனால் கதை நடக்கும் காலத்தில் அந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை. குழந்தைகளிடம், கடல் எழுந்து வந்து முடியை எண்ணும் என்று பயமுறுத்துகிறார்கள். மெதுவாக முடி வளரும் பெண்ணுக்கு வரன் எளிதில் அமைகிறது. வழுக்கை விழுந்த ஆணின் கடன் மனைவியின் சடையில் ஏறும் என்பதால் அவனுக்குப் பெண் கிடைப்பதில்லை. இவை எல்லாம் இரண்டாம் படியில் போட்ட கணக்கிலிருந்து விளைந்தவை.

7. பேச்சில் ஏற்றுங்கள்

நாம் ஒருவரைத் தலைமுழுகிவிடுகிறோம், இருவர் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்கள், ஒருவன் குடுமி இன்னொருவன் கையில் இருக்கிறது, சோழியன் குடுமி சும்மா ஆடாது. குடுமி வைத்தவர்கள் அருகிவிட்ட பிறகும் பேச்சில் குடுமி இருக்கிறது. உங்கள் மக்களுக்கும் இப்படி ஐந்தாறு தொடர்கள் போதும். அவற்றில் குறைந்தது இரண்டு, அவர்கள் கைவிட்டுவிட்ட பழைய வழக்கம் ஒன்றிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். விளக்கம் சேர்க்காதீர்கள், இடம் பார்த்து வைத்தால் வாசகருக்குப் புரியும்.

8. கோப்பில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலாவது வளர்ச்சித் தாள்: மேலே சொன்ன அளவுகளும், உங்கள் நாட்டு நாள்காட்டியில் அவை எத்தனை மாதம் என்பதும். உங்கள் நாட்டில் ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால் கணக்கை இங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு தலைத் தாள். கதை தொடங்கும்போது முடியின் நீளம், சுருளா நேரா, நரை, வழுக்கை, கடைசியாக வெட்டிய நாள், தலை வாரிவிடுபவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அத்தியாயம்தோறும் மாற்றம் இருந்தால் தேதியிட்டுக் குறியுங்கள். சுருள்முடி வளர்ந்தாலும் நீளம் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்; ஒரு நாடு முழுவதும் ஒரே வகை முடி என்று வைக்கவும் வேண்டாம்.

மூன்றாவதாக விதிவிலக்குத் தாள். குழந்தை, வழுக்கையர், நோயாளி, வெளிநாட்டார், அடிமை, துறவி, கைதி, இறந்தவர் ஆகியோருக்கு உங்கள் வழக்கம் என்ன சொல்கிறது என்று ஆளுக்கொரு வரி. கோப்பிலேயே அதிகப் பயன் தரும் தாள் இதுதான். கடன் முடிச்சோடு ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்ற வரியை எழுதியபோதுதான் என் கதையின் இரண்டாம் பாகம் தொடங்கியது.

9. வாழும் மக்களிடமிருந்து எடுக்கும்போது

மேலே சொன்ன எடுத்துக்காட்டுகளை அப்படியே தூக்கி வேறு பெயர் வைத்துவிடுவது எளிது, வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், சில வழக்கங்கள் அவற்றைப் பேணுவோருக்குக் காயத்தோடு சேர்ந்தவை. சீக்கியர்களுக்குக் கேசம் சமயக் கடமை. அமெரிக்காவில் 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளியிலும் அதைப் பின்பற்றியவற்றிலும் பூர்வகுடிக் குழந்தைகளை விடுதிகளில் சேர்த்தவுடன் சடையை வெட்டினார்கள். பல குடிகளில் முடியை வெட்டுவது துக்கத்தின் அடையாளமாக இருந்ததால், வெட்டப்பட்ட பிள்ளைகளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்டவற்றைக் கதையில் அலங்காரமாக வைக்காதீர்கள். வழக்கத்தின் வடிவத்தை விட்டுவிட்டு, அது எந்த நெருக்கடிக்குப் பதிலாக எழுந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் நாட்டின் தண்ணீரும் வெயிலும் அதற்கு வேறு வடிவம் கொடுத்துவிடும்.

10. கடைசிச் சரிபார்ப்பும் ஓவியரும்

வரைவு முடிந்ததும் முடி வரும் இடங்களை மட்டும் கணினியில் தேடி எடுத்து, தலைத் தாளோடு வரிசையாக ஒப்பிடுங்கள். நாவல் நீளத்துக்கு இது ஒரு மாலை வேலை. சடை, கொண்டை, குடுமி, பின்னல், கூந்தல், மொட்டை என்று ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டும். "முடி" என்று தேடினால் கதையில் உள்ள எல்லா முடிவுகளும் முடிச்சுகளும் வந்து குவியும்.

அட்டைப்படத்துக்கு ஓவியரை அமர்த்தினால், பாத்திரத்தின் முகத்தை மட்டும் விவரித்து அனுப்பாதீர்கள். முடி வழக்கம் பெரும்பாலும் பின்தலையிலும் காதோரத்திலும்தான் இருக்கும். ஆகவே பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எப்படித் தெரியும் என்பதற்கு, உங்கள் சவுரியைப் பின்னி எடுத்த புகைப்படங்களை இணைத்து அனுப்புங்கள். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், கூடுதல் திருத்தத்துக்கு எவ்வளவு என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அட்டையில் அதிகத் திருத்தம் தலைமுடிக்குத்தான் வரும், குறிப்பாக முடிச்சு எந்தக் காதுப் பக்கம் என்பதில்.